இரட்டைச் சுழி

அத்தியாயம் 14

வாட்ஸ்அப்பில் கிளம்பிய படத்தைத் திரும்பக் கூப்பிட முடியாது. லூர்துநாதனுக்கு இது வியாழக்கிழமை சாயங்காலமே புரிந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் அவர் மனைவி அமல்ராணி டீ டம்ளரைத் தரையில் வைத்த சத்தத்தில் இன்னும் நன்றாகப் புரிந்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லூர்துநாதனின் மகள் வெனிலா திண்டிவனத்தில் டிராயிங் டீச்சர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுக்கிறாள். அந்த மாடியின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கீழே ஒரு பார். புயலில் பாரின் தகரக் கூரை பாதி பறந்துபோனது. பார்க்காரர் இன்றைக்குப் போடுகிறேன், நாளைக்குப் போடுகிறேன் என்று இழுத்துக்கொண்டிருக்கிறார். அதனால் மேலேயிருந்து பார்த்தால் மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, உட்கார்ந்திருப்பவர்களின் தலை, கை எல்லாம் தெரியும். முகம் மட்டும் தெரியாது. குடிக்க உட்கார்ந்தவன் எவன் அண்ணாந்து பார்க்கிறான்? வெனிலா பார்த்ததையெல்லாம் வரைந்தாள். வரைந்ததை விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் கண்காட்சியாக வைத்தாள்.

அவள் பாட்டுக்கு வைத்தாள். பார்க்க வந்த ஒரு எல்.கே.ஜி. பாப்பா ஒரு படத்தின் முன்னால் நின்று, "ஐ! எங்க வேன் அங்கிள் தலை!" என்று கத்தியது.

பாப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. லூர்துநாதன் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனில் அது தினமும் அவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வருகிறது. லூர்துநாதனுக்கு உச்சந்தலையில் இரண்டு சுழி. வேன் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே 'ரெண்டு சுழி அங்கிள்'. படத்திலிருந்த தலையிலும் இரண்டு சுழி. பாப்பாவின் அம்மா சிரிப்பு பொம்மைகளைச் சேர்த்துப் போட்டு, அந்தப் படத்தை வேன் குரூப்பில் ஏற்றிவிட்டாள். குரூப்பில் இருந்த மற்ற அப்பா அம்மாக்கள் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் உண்டு. லூர்துநாதன் ஒரு காலத்தில் ஊரறிந்த குடிகாரர். லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், குடியால் அந்த வேலை போனது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தோணியார் சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்று சத்தியம் செய்து, கழுத்தில் மாதா படம் வைத்த உத்தரியக் கயிற்றை மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் தொட்டதில்லை. அதை நம்பித்தான் பள்ளிக்கூடத்தை நடத்துகிற கன்னியர்கள் வேன் சாவியை அவர் கையில் கொடுத்தார்கள்.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம்.

"இட்லி கீது. துன்றதுன்னா துன்னு," என்றாள் அமல்ராணி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நான் போவல அமலு. எத்தினி வாட்டி சொல்றது?"

"அப்பவும் இதத்தான் சொன்ன. வாய் நாறிக்கினு வாசல்ல நின்னு, போவலன்ன."

அவள் சொன்னது உண்மைதான். ஆனாலும் அவர் விடவில்லை.

"படத்துல கழுத்தப் பாரு. உத்தரியம் கீதா? இல்ல. எனக்கு கீது."

"கழட்டி பாக்கெட்டுல வெச்சிக்கினு உக்காந்திருப்ப. மாதாவ மார்ல போட்டுக்கினு குடிக்க உனக்கே கூசுமில்ல?"

"தலை கருகருன்னு கீதுடி. எனக்கு அப்பிடியா?"

"புள்ள நிச்சயதார்த்தத்துக்கு டை அடிச்சது யாரு? நான்தானே பிரஷ்ஷ வெச்சிக்கினு நின்னேன்?"

குடித்ததை நிரூபிக்க வாயைத் திறந்தால் போதும். குடிக்கவில்லை என்று நிரூபிக்க என்ன செய்வது? லூர்துநாதன் இரண்டு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்து யோசித்துக் களைத்துப்போயிருந்தார். பழைய நாட்களில் இந்தக் களைப்புக்கு ஒரு மருந்து இருந்தது. அது ஞாபகத்துக்கு வந்ததும் அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"வெனிலாவ கேட்டியா?"

"கேட்டேன். மேலருந்து தல மட்டுந்தான் தெரிஞ்சிதாம். யாருன்னு தெரியாதாம்." அமல்ராணி மூக்கை உறிஞ்சினாள். "பெத்த அப்பன காட்டிக் குடுப்பாளா? கண்ணால பாத்தத வரைஞ்சிட்டா. அவளுக்கு பொய்யா வரையத் தெரியாதுய்யா."

போன் அடித்தது. மகன் மரிய அருண். ஒரகடத்தில் கம்பெனி வேலை, அங்கேயே ரூம். அமல்ராணி ஸ்பீக்கரில் போட்டாள். புருஷனுக்கும் கேட்கட்டும் என்றுதான்.

"உங்கப்பன் பழையபடி ஆயிட்டான்டா. பாத்தியா அந்தக் கண்றாவிய?"

"பாத்தேன். எனக்கும் அனுப்புனாங்க." குரல் கரகரத்தது. "விடும்மா. அவர ஒண்ணும் கேக்காத."

"கேக்காம? நாளைக்கு கோயில்ல உனக்கு ரெண்டாம் கல்யாண ஓலை வாசிக்கறாங்க. சம்பந்திங்க காதுல விழுந்தா இன்னாடா ஆவறது?"

"விடும்மான்றேன்ல. கல்யாண நேரத்துல எதுக்கு பேஜாரு? வெச்சிடறேன், ஷிப்டுக்கு நேரமாவுது."

போனை வைத்துவிட்டு அமல்ராணி முதல் முறையாகப் புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டியா? எம்புள்ளைக்கு இருக்கிற மனசு உனக்கு இருந்திருந்தா நாம எங்கியோ இருந்திருப்போம்."

லூர்துநாதன் அப்போதுதான் இட்லித் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது, மகன் ஒருவனாவது 'கேக்காத' என்றானே.

பெண் வீட்டைப் பற்றி அவள் பயப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆரோக்கியசெல்வி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய அப்பா குடித்துக் குடித்தே போய்ச்சேர்ந்தவர். பெண் பார்க்கப் போனபோது, உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று பெரியவர்கள் கேட்டார்கள். "குடிக்கிறவரு வேணாம். வேற ஒண்ணும் கேக்கல," என்றாள். அருண் குடிக்க மாட்டான் என்று அமல்ராணி மாதா பேரில் ஆணையிட்டாள். அவள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினாள்.

பத்து மணி வாக்கில் பள்ளிக்கூடத்து சிஸ்டரின் போன் வந்தது.

"லூர்து, திங்கக்கிழமை வேன் எடுக்க வேணாம். வேற டிரைவரை வரச் சொல்லியிருக்கேன்."

"சிஸ்டர், சத்தியமா நான் குடிக்கல."

"நான் நம்பறேன். ஆனா பிள்ளைங்கள அனுப்புறவங்க நம்பணுமே?" சிஸ்டரின் குரலிலும் அலுப்புதான். இரண்டு நாளாக அவருக்கும் போன் மேல் போன். "அது நீங்க இல்லன்னா வேற யாரோதானே? அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சிட்டா பேச்சு முடிஞ்சிடும். திங்கக்கிழமைக்குள்ள கேட்டுச் சொல்லுங்க. நான் குரூப்புல போட்டுடறேன்."

லூர்துநாதன் சட்டையை மாட்டினார்.

"எங்க?" என்றாள் அமல்ராணி.

"அந்தத் தலைக்காரன் எவன்னு பாத்து இட்டாறேன். உன் முன்னால நிறுத்தறேன். அப்ப பேசு."

"வரும்போது நேரா நடந்து வா," என்றாள் அவள்.

வல்லம் பக்கத்திலிருந்து திண்டிவனத்துக்கு டவுன் பஸ். இறங்கி விழுப்புரம் பஸ்ஸுக்காக நடந்தபோது, அந்த பார் இருக்கிற சந்து வந்தது. உள்ளே போய், "இந்த மாதிரி தலை உள்ள ஆள் யாருப்பா?" என்று கேட்டால் சப்ளை செய்கிறவன் சொல்லிவிடுவான். அரை நிமிஷ வேலை. ஆனால் சந்துக்குள் அவர் கால் வைப்பதை யாராவது பார்த்தால்? அதையும் படம் பிடித்து குரூப்பில் போட்டால்? குடிக்கவில்லை என்று நிரூபிக்க பாருக்குள் போக வேண்டும் என்றால் என்ன பிழைப்பு இது என்று நொந்துகொண்டு, பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். மயிலம் தாண்டியதும் தூங்கிவிட்டார்.

விழுப்புரம் மண்டபத்தில் செருப்பை வாசல் படியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லூர்துநாதன் குனிந்து செருப்பின் பெல்ட்டை அவிழ்த்தார். சனிக்கிழமை மதியம், கூட்டமில்லை. ஒரு மூலையில் வெனிலா நாற்காலியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்தாள். எழுந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்தப் படத்த எடுத்துடறேன்ப்பா. இப்பவே எடுத்துடறேன்."

"எடுத்தா இன்னா, போன்ல இருக்கிறது போயிடுமா? வுடு. எல்லாத்தையும் காட்டு மொதல்ல. பொண்ணு படம் போட்டிருக்கா, ஊரே பாத்துட்டுது, நான்தான் பாக்கல."

அவள் காட்டினாள்.

லூர்துநாதன் படம் பார்த்துப் பழகியவர் இல்லை. ஆனால் இந்தப் படங்களைப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு போனைச் சுற்றி நான்கு தலைகள். அதில் ஒருவன் மகளின் கல்யாண வீடியோவைக் காட்டுகிறான் என்று அவர் சொன்னபோது, "உனக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்றாள் வெனிலா. மற்ற மூவரும் தலையை நீட்டியிருக்கிற விதத்திலேயே தெரியும் என்றார். இன்னொரு படத்தில் ஒருவன் அவித்த முட்டையை இரண்டாகப் பிட்டுப் பெரிய பாதியை எதிரில் இருப்பவனுக்குத் தள்ளுகிறான். இன்னொன்றில் கவிழ்ந்து தூங்குகிறவனின் முதுகில் யாரோ ஒரு துண்டைப் போர்த்தியிருக்கிறார்கள். ஒருவன் காலி டம்ளரின் வாயைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இவரு ஏன்ப்பா இப்பிடி மூடிக்கினு இருக்காரு? எனக்குப் புரியவே இல்ல. பாத்தபடி வரைஞ்சிட்டேன்."

"காலியாயிட்டுதுன்னு தெரிஞ்சா எழுப்பி அனுப்பிடுவாங்க. அவனுக்கு வீட்டுக்குப் போவ மனசில்ல." லூர்துநாதன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெனிலா, உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா. சரக்க விட்டது எனக்கு அவ்ளோ கஷ்டமா இல்ல. இந்த மேசைய விட்டதுதான் கஷ்டம். சத்தியம் பண்ண அன்னிலருந்து என்கூட உக்காந்து பேசறதுக்கு ஒரு ஆள் இல்ல. குடிக்கிறவன் கூப்பிட மாட்டான். குடிக்காதவன் நம்ப மாட்டான்."

வெனிலா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, எங்க என் தலை?"

கடைசிச் சுவரில் தனியாக இருந்தது. போனில் பார்த்தபோது தீப்பெட்டி அளவு. இங்கே ஒரு ஆள் கையை விரித்தால் பிடிக்கிற அகலம். மற்றப் படங்களிலெல்லாம் கூட்டம். இதில் ஒரே ஒருவன். நீல பிளாஸ்டிக் மேசை, ஒரு டம்ளர், பேப்பர் தட்டில் மிக்சர். தலை நேர் கீழே தெரிகிறது. கருப்பு முடி, இரண்டு சுழி.

தன் உச்சந்தலையைத் தானே பார்த்தவன் உண்டா? லூர்துநாதன் இது நான் இல்லை என்று இந்த இரண்டு நாளும் சொன்னது, போகவில்லை என்று தனக்குத் தெரிந்ததால்தான். தலையைப் பார்த்துச் சொல்லவில்லை. அமல்ராணி எண்ணெய் தேய்க்கிறவள், அவளுக்குத் தெரியும். வேன் பிள்ளைகளுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் அவருக்குத் தெரிந்த தலை ஒன்று இருந்தது.

முதலில் தட்டைத்தான் பார்த்தார். மிக்சரில் இருந்த வேர்க்கடலையை, அந்த மல்லாட்டையை மட்டும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் தனியாகச் சேர்த்து வைத்திருந்தது. கடைசியில் தின்பதற்கு. பிறகு மறுபடி தலையைப் பார்த்தார். இடது பக்கச் சுழிக்குக் கீழே ஒரு கோணல் கோடு, முடி முளைக்காத இடம். போனில் அது தெரியவில்லை.

அருணுக்கு அப்போது ஏழு வயது. அமல்ராணி பிரசவத்துக்கு அம்மா வீடு போயிருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று, லூர்துநாதன் அவனையும் பாருக்குக் கூட்டிப் போனார். மேசை மேலேயே உட்கார வைத்தார். எல்லோரும் கொஞ்சினார்கள். பிள்ளை மிக்சரில் மல்லாட்டையைப் பொறுக்கிப் பொறுக்கி ஓரமாகச் சேர்த்தது. திரும்பி வரும்போது சைக்கிள் கல்லில் ஏறிக் கவிழ்ந்தது. அவருக்குச் சிராய்ப்புகூட இல்லை. பிள்ளைக்குத் தலையில் தையல். அம்மா கேட்டால் மரத்திலிருந்து விழுந்தேன் என்று சொல் என்றார். பிள்ளை இன்று வரை அப்படித்தான் சொல்கிறது.

"இந்த ஆளு," என்றார். செருமிக்கொண்டு மறுபடி கேட்டார். "இந்த ஆளு எப்ப எப்ப வருவான்?"

"ரெண்டு மாசமா பாக்கறேன்ப்பா. வாரத்துல ரெண்டு மூணு நாளு, சாயங்காலமா. செவ்வாய், புதன், அப்பிடி."

"ஞாயித்துக்கிழமை இல்ல?"

"இல்ல, எல்லாம் வேலை நாளுதான். யாரோடவும் பேச மாட்டாரு. எனக்கு உன் ஞாபகமா இருந்துச்சு, அதான் வரைஞ்சேன். யாருன்னு தெரியுதாப்பா உனக்கு?"

செவ்வாய், புதன். ஒரகடத்தில் ஷிப்டில் இருக்க வேண்டியவன். அப்படியென்றால் ஷிப்டும் இல்லை, கம்பெனியும் இல்லை. 'அவர ஒண்ணும் கேக்காத' என்று காலையில் அவன் சொன்னது எதற்கு என்று இப்போது விளங்கியது. லூர்துநாதன் அந்த வார்த்தையைக் கேட்டு ஆறுதல்பட்டவர். இப்போது அவருக்குக் கோபம்கூட வரவில்லை. உட்கார இடம் தேடினார்.

"தெரியல," என்றார்.

வெனிலா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அடுத்து ஏதோ கேட்க வாயெடுத்தவள் வாசலைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அண்ணி வர்றாங்க."

ஆரோக்கியசெல்வி டூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். தோளில் பை, கண்ணுக்குக் கீழே கருவளையம். லூர்துநாதனை அங்கே எதிர்பார்க்கவில்லை. ஒரு நொடி தயங்கிவிட்டு, "தோத்திரம் மாமா," என்றாள்.

"தோத்திரம்மா. சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல." அவள் படத்தின் முன்னால் போய் நின்றாள். கிட்டே போனாள். ஆஸ்பத்திரியில் காயம் பார்க்கிறவள் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். "வெனிலா, இது இன்னா, சுழி பக்கத்துல?"

"தெரியல அண்ணி. இருந்துச்சு, வரைஞ்சேன்."

"தையல் போட்ட எடம். அவசரத்துல கோணலா போட்டிருக்காங்க." திரும்பினாள். "மாமா, கோச்சிக்காதீங்க. நேரா கேக்கறேன்."

"கேளும்மா."

"நிச்சயதார்த்தத்தன்னிக்கு அத்தை சொன்னாங்க. அப்பனுக்கும் புள்ளைக்கும் ஒரே தலை, ரெண்டு பேருக்கும் ரெட்டச் சுழி, ஜாக்கிரதையா இருந்துக்கோன்னு. எல்லாரும் சிரிச்சோம். இந்தப் படம் எனக்கு வந்ததுலருந்து தூக்கமில்ல மாமா. டூட்டியில இருக்கேன், இதேதான் ஓடிக்கினு இருக்கு. இது ஒண்ணு நீங்க. இல்லன்னா அவரு."

அவள் தோள் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கன்னா எனக்கு வருத்தந்தான். ஆனா தாங்கிக்குவேன். அவருன்னா, நாளைக்கு ஓலை வாசிக்கிறதுக்கு முன்னால ஃபாதர்கிட்ட போய் நிறுத்திடுவேன். எங்கம்மா பட்டது போதும் மாமா. நானும் பட முடியாது." குரல் உடையாமல் சொன்னாள். பல தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் போல.

ஒரு பெயர் சொன்னால் போதும். திங்கக்கிழமை காலையில் வேன் சாவி கைக்கு வந்துவிடும். அமல்ராணி முகம் பார்த்துப் பேசுவாள். அந்தத் தலைக்காரனைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டுத்தானே வந்தார்? கண்டும் பிடித்துவிட்டார்.

அவர் படத்தைப் பார்த்தார். அந்தக் கோணல் கோட்டைப் பார்த்தார். மேசை மேல் ஏழு வயசுப் பிள்ளையைத் தூக்கி வைத்தது யார் கை?

"நான்தாம்மா," என்றார் லூர்துநாதன்.

"அப்பா!" என்றாள் வெனிலா.

"நீ சும்மா இரு." மகளைப் பார்க்காமலே சொன்னார். "நான்தான். புத்தி கெட்டுப் போயிட்டேன். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். மேல இவ உக்காந்திருப்பான்னு எனக்கின்னா தெரியும்?"

"இந்தத் தையலு?"

"லாரி ஓட்டறப்ப. பழைய அடி."

ஆரோக்கியசெல்வி பையைக் கீழே வைத்தாள். அதுவரை இறுக்கிப் பிடித்திருந்தது எல்லாம் விட்டுப்போய், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். நிம்மதியில் அழுகிறாள் என்பது லூர்துநாதனுக்குத் தெரிந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"உண்மைய சொன்னீங்களே மாமா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்கப்பா கடைசி வரைக்கும் சொல்லல. இல்லவே இல்லன்னு சொல்லிக்கினே போய்ட்டாரு. நீங்க சொல்லிட்டீங்க. விட்டுடலாம் மாமா. எங்க ஆஸ்பத்திரியிலயே டாக்டர் இருக்காரு. நானே இட்டுக்கினு போறேன். ஒரு தடவை விட்டவரு திரும்பவும் விடுவாரு."

"சரிம்மா," என்றார்.

"அத்தைகிட்ட நான் பேசறேன். திட்ட வேணாம்னு சொல்றேன்."

"சரிம்மா."

வெனிலா சுவரோரம் நின்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டின் ஓரத்தில் மல்லாட்டை சேர்ப்பது யார் பழக்கம் என்று இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது. வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டாள்.

லூர்துநாதன் கிளம்பினார். இனி வீட்டுக்குப் போய் அமல்ராணியிடமும் இதையே சொல்ல வேண்டும். சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். நாளைக்குக் கோயிலில் எல்லோருக்கும் நடுவில், மகனுக்கு ஓலை வாசிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு உட்கார வேண்டும். அதற்கப்புறம் அந்தப் பையனைத் தேடிப் பிடிக்க வேண்டும். அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"இருங்க மாமா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் வர்றேன்," என்று ஆரோக்கியசெல்வி பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "ஜல்தியா போய் சாப்ட்டு படுக்கணும். இன்னிக்குத்தான் தூக்கம் வரும்."

வாசல் படியில் அவர் இரண்டு படி இறங்கி, கீழ்ப்படியில் கிடந்த செருப்பில் காலை நுழைத்தார். பெல்ட் செருப்பு. குனிந்துதான் மாட்ட வேண்டும். குனிந்தார். வயசான விரல், பெல்ட்டின் துளை சட்டென்று அகப்படவில்லை.

அவள் மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள். வெயில் நேராக அவர் தலையில் விழுந்தது.

மேலேயிருந்து பார்த்தாள். டை வெளுத்து வேர்க்காலெல்லாம் வெள்ளையாகத் தெரிந்த உச்சந்தலை. இரண்டு சுழி. வலது பக்கம் வழவழவென்று இருந்தது. இடது பக்கமும் வழவழவென்றுதான் இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு தழும்பு இல்லை.

லூர்துநாதனுக்கு ஒரு கால் மாட்டியாகிவிட்டது. மற்றதைத் தேடினார்.

"மாமா."

"இன்னாம்மா?"

"அவரு சின்ன வயசுல எங்கனா விழுந்தாரா?"

லூர்துநாதன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகத்தைக் காட்ட வேண்டும். செருப்பைப் பிடித்தபடியே குனிந்திருந்தார்.